நிம்ஃப் கட்டும் பெட்டி: இறகு நன்று, இடுக்கி மோசம்

சென்ற ஜூலையில் நியூசிலாந்தின் டொங்காரிரோ ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்கப் போவதென்று முடிவானதும், நிம்ஃப் ஃபிளைகளை, அதாவது நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி போலத் தூண்டில் முள்ளில் கட்டும் செயற்கை இரைகளை, காசு கொடுத்து வாங்குவதைவிட நானே கட்டிக்கொள்ளலாம் என்ற ஆசையில், கோலாலம்பூர்த் தூண்டில் கடை ஒன்றில் 190 வெள்ளிக்குக் கட்டும் பெட்டியொன்றை வாங்கினேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மாதம் அதனோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

பெட்டியில் உருப்படியான பொருள் ஃபெசன்ட் பறவையின் வால் இறகுதான். இழைகள் நீளமாகவும் செம்பழுப்பு நிறம் மாறாமலும் இருந்தன. நான்கு இழைகளைத் தண்டிலிருந்து நேர்குத்தாக இழுத்து, நுனிகள் சமமாக நிற்கும்படி வைத்துக்கொண்டு வெட்டினால், ஆற்றடியில் வாழும் மேஃபிளை இளம்பூச்சியின் வால் அப்படியே கிடைத்துவிடுகிறது.

ஆனால் உடன் வந்த குறிப்புத்தாள் நூலால் கட்டச் சொல்கிறது. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரித்துவந்த ஃபிராங்க் சாயர் இந்த நிம்ஃபை உருவாக்கியபோது நூலே பயன்படுத்தவில்லை. மெல்லிய செம்புக் கம்பியும் இறகும் மட்டுமே போதுமென்று கட்டினார். முதலில் கம்பியை முள்ளின்மேல் சுற்றி மார்புப் பகுதியில் மேடு எழுப்பி, பிறகு இழைகளையும் கம்பியையும் சேர்த்து முறுக்கி உடலாகச் சுற்றுவதால், கம்பியே கட்டாகவும் எடையாகவும் அமைந்து ஃபிளையை நீருக்கடியில் இறக்குகிறது. பெட்டியிலிருந்த கம்பியோ இதற்கு மிகவும் தடிமன். அதைச் சுற்றினால் பூச்சி நோஞ்சானாக இல்லாமல் பலாக்கொட்டை போல ஆகிவிடுகிறது. பேரனின் உடைந்த பொம்மைக் காரின் மோட்டாரைப் பிரித்து அதன் கம்பியை எடுத்த பிறகுதான் வேலை ஒழுங்காக நடந்தது.

முள்ளைப் பிடிக்கும் இடுக்கிதான் பெரிய ஏமாற்றம். 14ஆம் எண் முள்ளைப் பொருத்தி, கம்பியைச் சற்று இழுத்துச் சுற்றியதும், மூன்றாம் சுற்றிலேயே முள் தலைகுனிந்தது. திருகை மேலும் இறுக்கினால் இடுக்கியின் வாய் அகன்றுகொண்டே போகிறது. உப்புத்தாளில் சிறு துண்டைக் கத்தரித்து இடையில் வைத்துச் சமாளித்தேன். கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக வெட்டுகிறது.

நூல் வைத்துக் கட்டும் ஃபிளைகளுக்கு முடிச்சுப் போட ஒரு கருவியும் கொடுத்திருக்கிறார்கள். நான் அதனோடு திண்டாடுவதைப் பார்த்த என் மனைவி, சிறுவயதில் மல்லிகைச் சரம் கட்டிய கையால், "இதுக்கு எதுக்குங்க இந்தக் கொக்கி?" என்று கேட்டு, நூலை விரலில் வளைத்து, அதன்மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி இழுத்துக் காட்டினார். அதன்பின் அந்தக் கருவியை நான் தொடவில்லை.

எடைக்காக முள்ளில் கோக்கும் மணிகள் பித்தளை. மெதுவாக ஓடும் நீருக்கு அவை போதும். குளிர்கால டொங்காரிரோவின் வேகத்தில் ஃபிளை அடிக்கு இறங்க வேண்டுமானால், பித்தளையைவிட இரு மடங்குக்கும் மேல் அடர்த்தியுள்ள டங்ஸ்டன் மணி வேண்டும். அதைத் தனியாகத்தான் வாங்கினேன். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றுகூட இல்லாததும் குறையே. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே வாரத்தில் சில முட்களில் துரு ஏறிவிட்டது. இறகுகளை இப்போது மூடி இறுகிய டப்பாவில் பூச்சி உருண்டையோடு வைத்திருக்கிறேன்.

கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இறகாலான ஃபிளைகளையும் பயன்படுத்திய தூண்டில் சாமான்களையும் நியூசிலாந்து விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவிக்க வேண்டும். நான் அறிவித்தேன், சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கட்டியவை இருபத்துநான்கு. அவற்றில் பாறையில் சிக்கிப் போனவை பதினொன்று, வானவில் டிரவுட் கவ்வியவை இரண்டு. திரும்பியதும் கடைக்குப் போய் இடுக்கியைப் பற்றி முறையிட்டேன். கடைக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, நல்ல இடுக்கி தனியாக 120 வெள்ளிக்கு இருப்பதாகச் சொன்னார். வாங்கிவிட்டேன், அதையே முதலில் பெட்டியில் வைத்து 300 வெள்ளி கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.