ரம்பத்துக்கு எந்தப் பெட்ரோல்? ஓடும் நாளைவிடச் சும்மா கிடக்கும் நாள்தான் கணக்கு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போன பிறகு, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் செயின்சாவுக்கு இருந்த கிராக்கி தங்கத்துக்குக்கூட இல்லை. எங்கள் தோப்பில் சாய்ந்த தென்னைகளை அறுத்து ஒதுக்க ஆள் கிடைக்காமல் நானே ஒரு ரம்பம் வாங்கினேன். இரண்டு மாதம் தினமும் ஓடியது. பக்கத்துப் பங்கில் பெட்ரோல், அதில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்), அவ்வளவுதான். ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை.

அதே ரம்பம் இப்போது வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் வேலை செய்கிறது. ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரைக் கழற்றியாகிவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். இரண்டாவது முறை மெக்கானிக் உள்ளே இருந்த டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வை எடுத்துக் காட்டினார். ரப்பர் போலத் துவள வேண்டியது, காய்ந்த வாழைச் சருகு போல விறைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் எந்தப் பெட்ரோல் என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன்.

ரம்பம் மாறவில்லை, பெட்ரோல் மாறிவிட்டது. நான் வாங்கிய வருடம் பங்கில் வந்த பெட்ரோலில் எத்தனால் என்ற எரிசாராயம் 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2022 ஜூனில் நாட்டின் சராசரி 10 சதவீதமானது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்தது. 2025இல் அதுவே பொது வழக்காகிவிட்டது.

முதலில் ஆக்டேன் குழப்பத்தைத் தாண்டிவிடுவோம். பெட்ரோல் இன்ஜினுக்குள் முன்கூட்டியே தானாக வெடிக்காமல் தாங்குவதைக் காட்டும் எண் அது, வலுவைக் காட்டும் எண் இல்லை. பெரும்பாலான ரம்பங்களின் கையேடு கேட்பது 90 அளவு ஆக்டேன்தான். பழைய சாதாப் பெட்ரோலே 91. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும் பொருள் என்பதால் இப்போது வருவது அதைவிட மேல். ஆகவே அதிக எண் போட்ட பெட்ரோல் ஊற்றினால் மரம் வேகமாக அறுபடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 95 ஆக்டேன் பெட்ரோலை நான் கைவிட்டதும் அதனால்தான். அதில் சேர்க்கும் சுத்திகரிப்புப் பொருள் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் நான் வாங்கிச் சோதித்ததில் எத்தனால் இருந்தது. கூடுதல் காசு, அதே தொல்லை.

சாதாப் பெட்ரோலை நஞ்சு என்று சொல்ல மாட்டேன். பிரேசிலில் 2015 முதல் 27 சதவீத எத்தனால் கலந்து விற்றார்கள். அங்கேயும் ரம்பங்கள் ஓடத்தான் செய்தன. கார்புரேட்டரை மின்னணு முறையில் தானே சரிசெய்துகொள்ளும் புதிய மாடல்கள் அத்தகைய கலவையையும் ஏற்கும். என்னுடையதைப் போலக் கலவையைக் கையால் சரிசெய்யும் திருகு வைத்த பழைய மாடலில்தான் சிக்கல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் எரிபொருள் குறைந்து காற்று மிகுந்ததுபோல் ஆகிறது, இன்ஜின் சூடாகிறது. வேகத் திருகைக் கொஞ்சம் திறந்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள். சத்தத்தைக் காதால் கேட்டே அளவு பிடிக்கும் மெக்கானிக்கிடம் விட்டேன். நானாகத் திருகிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

எங்கள் ஊரில் மரம் அறுப்பதையே தொழிலாகச் செய்யும் தம்பி ஒருவர் இருக்கிறார். நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் எரிப்பவர். சாதாப் பெட்ரோல்தான் ஊற்றுகிறார், கார்புரேட்டர் பக்கமே போனதில்லை. "அண்ணே, கெட்டுப்போக நேரம் கொடுத்தால்தானே அது கெடும்? நேற்று ஊற்றியது நேற்றே தீர்ந்துவிட்டது" என்றார். என் இரண்டு வருடக் குழப்பத்தை அவர் ஒரு மூச்சில் தீர்த்துவிட்டார்.

உண்மையில் முழு விவகாரமும் அங்கேதான் இருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். எங்களைப் போலக் கடலுக்குப் பக்கத்தில், ஐப்பசி கார்த்திகை அடைமழையில், பாதி காலியான டேங்கில் வாரக்கணக்கில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். நாம் கலந்த 2டி ஆயிலோ மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். ரம்பத்தின் டேங்குக்குள் குழாய் முனையில் ஒரு கனமான ஃபில்டர் தொங்குகிறதே, அது எப்போதும் அடியில்தான் கிடக்கும். எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் எரிபொருள் கிடைப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பிரிந்துபோன கலவையில் அது முதலில் உறிஞ்சுவது ஆயிலே இல்லாத அந்த அடிநீரைத்தான். பெரும்பாலும் இன்ஜின் கிளம்பவே கிளம்பாது, அது நம் அதிர்ஷ்டம். கிளம்பி ஓடினால் பிஸ்டனில் கோடு விழும். பிரியாவிட்டாலும் டயாஃப்ரமும் ரப்பர் குழாயும் மாதக்கணக்கில் எத்தனாலில் ஊறுகின்றன. என்னுடையது சருகான கதை அதுதான்.

ஆகவே நான் இப்போது ஊற்றுவது 100 ஆக்டேன் பெட்ரோல். அந்த நூறுக்காக இல்லை. நான் வாங்கியதில் எத்தனால் இல்லை என்பதற்காக மட்டும். இதை யார் வாய்ச்சொல்லையும் நம்பி எடுத்துக்கொள்ளாதீர்கள், சோதனை எளிது. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் 10 மி.லி. தண்ணீர் விட்டு, மேலே 90 மி.லி. பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கும். 20 சதவீதக் கலவை என்றால் அடிக்கோடு 10இலிருந்து 28 பக்கம் ஏறிவிடும். எத்தனால் இல்லாவிட்டால் கோடு அசையாது. மூன்று முறை வாங்கி மூன்று முறையும் பார்த்தேன், அசையவில்லை. நாலாவது முறையும் பார்ப்பேன்.

விலைதான் எல்லோரும் கேட்பது. லிட்டருக்கு அறுபது எழுபது ரூபாய் கூடுதல். காருக்கு என்றால் நானும் வாங்க மாட்டேன். ரம்பம் வருடத்துக்குக் குடிப்பதோ எட்டு லிட்டர். ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய் கூடுதல் செலவு. கார்புரேட்டர் வேலைக்கு ஒருமுறை நான் கொடுத்தது 850. அன்று தோப்பில் மட்டை ஒதுக்க வந்து சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்குக் கொடுத்த கூலி தனி.

கிடைப்பதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்துப் பங்குகளில் இல்லை. சென்னையிலிருந்து மைத்துனர் காரில் வரும்போது ஐந்து லிட்டர் தகரக் கேனில் வாங்கி வருகிறார். பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினால் பங்கில் தர மாட்டார்கள். அதுவும் சாகாவரம் பெற்ற பெட்ரோல் இல்லை. நாளாக ஆக லேசான பகுதி ஆவியாகி, கிளம்புவதற்கு அடம் பிடிக்கும். கேனில் தேதி எழுதி வைத்து, ஆயிலை அன்றன்றைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் கலக்கிறேன்.

இதையெல்லாம் அடித்துச் சாப்பிடுவது ஆல்கைலேட் பெட்ரோல். ஸ்வீடனில் 1980களின் இறுதியிலிருந்தே விற்கிறார்கள். எத்தனால் இல்லை, பென்சீன் ஏறத்தாழ இல்லை, ஆயில் கலந்தே கேனில் வரும், மூடி திறக்காமல் வருடக்கணக்கில் வைக்கலாம். புகையில் நின்று அறுப்பவனின் நெஞ்சுக்கும் நல்லது. ஐரோப்பாவில் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அதைத்தான் வாங்குவேன். நான் கேட்ட கடைகளில் இல்லை, கையால் தொட்டதும் இல்லை. அதனால் இதற்கு மேல் அளக்கவில்லை.

தண்ணீர் ஊற்றி எத்தனாலைப் பிரித்தெடுத்துவிட்டு மீதிப் பெட்ரோலை ஊற்றும் வித்தையும் நடக்கிறது. எத்தனால் போகும்போது ஆக்டேனும் இறங்கும், ஈரமும் மிஞ்சும், கழிவு நீரைக் கொட்ட இடமும் இல்லை. சோதனைக் குடுவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆயிலைப் பற்றிச் சுருக்கமாக. ரம்பக் கம்பெனியின் சொந்த ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; மற்றதற்குக் கையேடு கூடுதலாகக் கேட்கும், சிலவற்றில் இரட்டிப்பு. டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியான ஜாசோ எஃப்டி என்று போட்டிருந்தால் நல்லது. மல்லிப்பட்டினம் பக்கம் படகு இன்ஜினுக்கு வாங்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில் மலிவாகக் கைக்கு எட்டும். அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு உண்டானது, காற்றால் குளிரும் ரம்பத்துக்கு வேண்டாம்.

களை வெட்டும் பிரஷ் கட்டருக்கு மட்டும் இன்னும் சாதாப் பெட்ரோல்தான். மழைக்காலம் முழுக்க வாரம் தவறாமல் ஓடுகிறது, டேங்கில் எதுவும் தங்குவதில்லை. தை பிறந்து புல் அடங்கியதும் டேங்கை வடித்து, கடைசியாக 100 மி.லி. அந்த உயர்ந்த பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, தானே நிற்கும்வரை ஓட்டிக் கொட்டகையில் தொங்கவிடுகிறேன்.