ஷெட்யூல்ஸ் டைரக்ட்: மித்டிவிக்குக் காசு கொடுத்து வாங்கத் தகுந்த அட்டவணை

அமெரிக்காவில் ஆன்டெனா வைத்து மித்டிவி என்ற டிவி பதிவு மென்பொருளில் பதிவு செய்பவர்களுக்கு, நிகழ்ச்சி அட்டவணை தரும் ஷெட்யூல்ஸ் டைரக்டின் ஆண்டுச் சந்தா வீண்செலவு அல்ல. 2007-இல் ஜாப்2இட் லேப்ஸின் இலவச அட்டவணைச் சேவை நின்றபோது உருவான லாபநோக்கற்ற அமைப்பு இது.

அலைவரிசையோடு வரும் இலவச அட்டவணையில் 12 மணி நேரம்தான் கட்டாயம்; அதற்கு மேல் நிலையத்தின் விருப்பம். அதைவிடப் பெரிய குறை, எபிசோடு அடையாள எண் இல்லாதது. கதைச்சுருக்கமும் பொதுவாக இருந்துவிட்டால், மறுஒளிபரப்பைப் புதிதென்று எண்ணி மென்பொருள் மீண்டும் பதிவு செய்துவிடும். ஷெட்யூல்ஸ் டைரக்டில் சுமார் இரண்டு வாரத்துக்கான அட்டவணை அந்த எண்ணோடு கிடைக்கிறது.

சேனல்களைத் தேடி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்எம்எல்டிவி ஐடி (சேனலை அதன் அட்டவணையோடு இணைக்கும் அடையாளம்) இருக்கிறதா என்று பாருங்கள். அது காலியென்றால் அட்டவணையும் காலிதான். ஒரே சேனலுக்கு இரண்டு அட்டவணைகளையும் சேர்த்து இயக்காதீர்கள், தகவல்கள் மோதும். 7 நாள் இலவசமாகப் பார்த்துவிட்டே பணம் கட்டலாம்.