கரணம் தப்பினால் என்ன ஆகும்? மூன்று ஸ்டண்ட் கேம்கள்

கயிற்றில் நடப்பவருக்குக் கரணம் தப்பினால் மரணம். சைக்கிள் ஸ்டண்ட் கேம் ஆடுகிறவருக்கு என்ன ஆகும் என்பது அவர் எதை ஆடுகிறார் என்பதைப் பொறுத்தது. இந்த வகை கேம்களில் ஓட்டுகிற நேரத்துக்குக் குறையாமல் விழுந்துகொண்டிருப்போம். அதனால் கிராபிக்ஸ், எத்தனை வண்டி, எத்தனை சட்டை என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, விழுந்தவனை கேம் எப்படி நடத்துகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து மூன்றை ஒப்பிடுகிறேன்: லோன்லி மவுன்டன்ஸ் டவுன்ஹில், டிசென்டர்ஸ், டிரையல்ஸ் ரைசிங். மூன்றும் முழுமையாக வெளிவந்தது 2019-இல்தான். கடைசியில் சொன்னது மோட்டார் பைக் கேம். ஆனாலும் இரண்டு சக்கரத்தின் சமநிலையைப் பற்றிப் பேசிவிட்டு அதை விட்டால் நியாயமாக இருக்காது.

லோன்லி மவுன்டன்ஸில் ஒரு மலை, ஒரு சைக்கிள், நீங்கள். பின்னணி இசை கிடையாது. காற்று, பறவை, சரளைக்கல்லில் டயர் உரசும் சத்தம், அவ்வளவுதான். பெர்லினைச் சேர்ந்த மெகாகான் இண்டஸ்ட்ரீஸ் என்ற சிறிய குழு செய்தது. பார்க்க சாதுவாக இருக்கும்; ஏமாந்துவிடாதீர்கள். கேமரா முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வராது, எட்ட நின்று பார்க்கும். வளைவில் திரும்பி சைக்கிள் நம்மை நோக்கி வரும்போது இடது எது, வலது எது என்று மூளை ஒரு கணம் திணறும். அந்த ஒரு கணம் போதும், பாறையில் முட்டிக்கொள்ள. திருப்பும் முறையைத் திரையின் திசைப்படி அல்லது ஓட்டுபவரின் திசைப்படி மாற்றிக்கொள்ளலாம். முதல் ஒரு மணி நேரத்திலேயே இரண்டையும் முயன்று ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் கை பழகியதெல்லாம் வீண்.

விழுந்தால்? ஒரே பொத்தான், அடுத்த நொடி கடைசி செக்பாயின்டில் நிற்பீர்கள். திட்டு இல்லை, காத்திருப்பு இல்லை. புதிய பாதையில் முதல் முறை இறங்கும்போது கடிகாரமும் ஓடாது. அதன் பிறகுதான் 'இத்தனை நிமிடத்துக்குள்', 'இத்தனை முறைக்கு மேல் விழாமல்' என்று சவால்கள் வரும். இங்கேதான் கேமின் சூட்சுமம் இருக்கிறது. பாதையிலேயே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உயிரோடு இறங்க முடிகிற எந்தச் சரிவும் குறுக்குவழிதான். விழுவதற்குப் பெரிய தண்டனை இல்லாததால் எட்டிப் பார்க்கத் துணிச்சல் வருகிறது. எட்டிப் பார்ப்பதால் மலை பழகுகிறது.

டிசென்டர்ஸ் இதற்கு நேர் எதிர். அதன் மலைகளைக் கணினியே அவ்வப்போது உருவாக்கிக்கொள்கிறது. எனவே பாதையை மனப்பாடம் செய்து பயனில்லை, சைக்கிளைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். கன்ட்ரோலரில் இடது ஸ்டிக் ஹேண்டில்பார், வலது ஸ்டிக் ஓட்டுபவரின் உடல் எடை. வலது ஸ்டிக்கைக் கீழே இழுத்து மேலே தட்டினால் சைக்கிள் துள்ளும். பல்டி அடிப்பது சுலபம், இறங்குவதுதான் பாடு. சரிவின் சாய்வுக்கு ஏற்றபடி சக்கரங்கள் தரையைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் புழுதிதான். விழும் ஒவ்வொரு முறையும் உயிர்ப்புள்ளி குறையும். எல்லாம் தீர்ந்தால் அந்தப் பயணம் முடிந்தது, அடுத்ததைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு நிலப்பகுதியின் முடிவிலும் ஒரு ராட்சதத் தாவல் காத்திருக்கும். கடைசி உயிர்ப்புள்ளியோடு அதன் உச்சியில் நிற்கும்போது கை வியர்ப்பதை மற்ற இரண்டும் தராது. ஆனால் அந்தப் பதற்றமே என்னைக் கோழையாக்குகிறது. பின்பல்டி அடிக்க வேண்டிய இடத்தில் பிரேக் பிடித்து உருட்டிக்கொண்டு போகிறேன். ஸ்டண்ட் கேமில் ஸ்டண்டைத் தவிர்க்கத் தூண்டும் தண்டனை கொஞ்சம் கூடுதல்தான் என்பேன்.

டிரையல்ஸ் ரைசிங், பின்லாந்தின் ரெட்லிங்க்ஸ் செய்தது. பக்கவாட்டுப் பார்வை, ஒரே கோட்டில் பயணம். திருப்பும் வேலையே இல்லை. ஆக்சிலரேட்டர், பிரேக், முன்னால் பின்னால் சாய்வது, இவ்வளவுதான் மொத்தப் பாடத்திட்டமும். இதற்குள் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்பது போகப் போகத்தான் தெரியும். பின்சக்கரம் தரையைத் தள்ளும் வேகத்தில் முன்சக்கரம் எழும், அதனால் ஏற்றத்தில் முன்னால் சாய வேண்டும். அந்தரத்தில் சக்கரத்தின் சுழற்சியைக் கூட்டினால் வண்டியின் மூக்கு மேலே போகும். பிரேக் பிடித்தால் கீழே வரும். கோண உந்தம், அதாவது சுழல்வதன் உந்தம், எங்கும் போய்விடாது, சக்கரத்திலிருந்து வண்டிக்கு மாறுகிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் புரியாத இந்தச் சங்கதி இங்கே கட்டைவிரல் வழியாகப் புரிந்தது.

மிகக் கடினமான எக்ஸ்ட்ரீம் டிராக்குகளில் ஒரு செக்பாயின்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நூறு முறை விழுவது சர்வ சாதாரணம். இந்தத் தொடரில் ஒரு டிராக்குக்கு 500 தவறுகள் அல்லது 30 நிமிடம் என்று வரம்பே உண்டு. அந்த எண்ணைப் பார்த்தாலே தெரியும், விழுவதை எதிர்பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். விழுந்தவுடன் எழுந்துவிடலாம் என்பதில் இது லோன்லி மவுன்டன்ஸ் போலத்தான், ஆனால் மனநிலை வேறு. அங்கே அடுத்த வழியைத் தேடுவேன். இங்கே வழி ஒன்றே ஒன்று, அதைச் சரியாகச் செய்யும் வரை விடுதலை இல்லை.

போனில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு டச்கிரைண்ட் பிஎம்எக்ஸ் 2 இருக்கிறது. ஒரு விரல் ஹேண்டில்பாரில், ஒரு விரல் சீட்டில். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்துக்குச் சரி.

முதன்முறை ஆடுகிறவருக்கு லோன்லி மவுன்டன்ஸையே சொல்வேன். அது கீபோர்டிலும் ஒப்பேறும். டிரையல்ஸ் மட்டும் கன்ட்ரோலர் இல்லாமல் வேண்டவே வேண்டாம். ஆக்சிலரேட்டரைப் பாதி மட்டும், கால்வாசி மட்டும் அழுத்தத் தெரிவதுதான் அந்த ஆட்டம். கீபோர்டின் பொத்தானுக்கோ உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்தான் தெரியும். டிவியில் இணைத்து ஆடுவதாக இருந்தால் முதலில் அதன் கேம் மோடை ஆன் செய்யுங்கள். படம் தாமதமாக வருவதால் விழுந்துகொண்டே இருந்துவிட்டு, நான் இரண்டு நாள் என் விரலைத் திட்டியிருக்கிறேன்.