முஸ்தபா பெட்டியை வீட்டில் வைக்க எது ஒத்துவரும்?

தொண்ணூறுகளின் கடைசியில் கிருஷ்ணகிரிப் பையன்களிடம் போய் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ ஆடலாமா என்று கேட்டிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. ‘முஸ்தபா’ என்று சொல்லியிருந்தால் சைக்கிளைக் கடை வாசலில் சாய்த்துவிட்டு ஓடி வந்திருப்பார்கள். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட, கடையில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் அது. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்று நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஓடிவந்து எகிறி உதைக்கும் முஸ்தபாதான் எல்லாருக்கும் வேண்டும். ஆட்டத்துக்கே அவன் பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது நாற்பதைத் தொடும் நண்பர்கள் பலர் அந்தப் பெட்டி ஒன்றை வீட்டில் வைக்க ஆசைப்பட்டு என்னிடம் விசாரிக்கிறார்கள். பழைய பெட்டியையே தேடிப் பிடிக்கலாமா, ஆசாரியிடம் சொல்லிப் புதிதாகச் செய்யலாமா, ஆயிரம் ஆட்டங்களை ஏற்றியே விற்கும் மின்சுற்றுப் பலகையான ஆயிரம் கேம் போர்டு ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமா? ஆறு வருடங்களில் மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டேன். படம் எதில் நன்றாக இருக்கிறது, விலை எது குறைவு என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். கெட்டுப்போனால் நம்ம ஊரில் அதைத் தொட யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பழைய பெட்டியிலிருந்து வருகிறேன். காவேரிப்பட்டணத்தில் மூடிக்கிடந்த ஒரு கடையின் பின்கட்டில் என் பெட்டி கிடைத்தது. 11,000 ரூபாய். குட்டியானையில் ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. வீட்டில் இறக்கிப் பின்கதவைத் திறந்தால் சிவப்பு மண் ஒரு விரல்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. ஸ்பீக்கர் மூலையில் பல்லி முட்டை ஓடுகள். காசு விழும் தகரப் பாதையில் ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயம் குறுக்காகச் சிக்கி நின்றது. அதை எடுக்க மனம் வரவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

சுவிட்சைப் போட்டதும் திரையின் நடுவில் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. ஆட்டத்தின் சத்தம் மட்டும் ஓடுகிறது. பழைய டிவி வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கோடு நன்றாகத் தெரியும். பழையபேட்டைப் பக்கம் இருக்கும் டிவி மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தேன். அறுபதைத் தாண்டியவர். பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒரு ஒயரின் ஒரு நுனியைச் சேசிஸிலும் மறுநுனியை ஸ்க்ரூடிரைவரிலும் கட்டி, அதால் பிக்சர் டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் தொட்டார். ‘சட்’டென்று ஒரு பொறி. அதன் பிறகுதான் கையை உள்ளே விட்டார். கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். அதைத் தெரியாமல் யாரும் பின்கதவைத் திறந்துவிடக் கூடாது.

“டியூப் நல்லாத்தான் இருக்குது தம்பி. வெர்டிகல் ஐசி போயிருக்குது.”

“பார்ட் கிடைக்குமாண்ணா?”

“கடையில தேடணும். ஆனா என் டப்பாவுலயே இருக்குது.”

பழைய டிவிகளிலிருந்து கழற்றி எடுத்த ஐசிகளும் கண்டன்சர்களும் நிறைந்த பிஸ்கட் டப்பா அது. அரை மணி நேரத்தில் கோடு விரிந்து படமானது. அந்தப் படத்துக்கு ஈடாக இன்றுவரை நான் எதையும் பார்க்கவில்லை. ஆட்டத்தின் படம் மொத்தமே 384க்கு 224 புள்ளிகள்தான். புது எல்ஈடி டிவியில் அது பெரிதாகி, சதுரம் சதுரமாகத் தெரியும். பிக்சர் டியூபில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு லேசாகக் கரையும், வரிகளுக்கு நடுவே மெல்லிய இருட்டு இருக்கும். அந்த ஆட்டங்களை வரைந்தவர்கள் டியூபை மனதில் வைத்துத்தான் வரைந்தார்கள். இன்னொன்று, பட்டனைத் தட்டியதும் உதை விழுகிறது. இடையில் எதுவும் காத்திருப்பதில்லை.

ஆனால் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அது ஜப்பானிலிருந்து வந்த பெட்டி கிடையாது. உள்ளூர் பிளைவுட், மேலே மைக்கா, டிவியிலிருந்து எடுத்த 20 அங்குல டியூப். போர்டும் கேப்காமின் போர்டு இல்லை, நகல். கேப்காமின் அசல் போர்டில் ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் ஆட்டமே எழும்பாது. என்னுடையதில் அது இல்லை. அசலில் ஒலிக்குக் கியூசவுண்ட் என்ற தனி ஏற்பாடு உண்டு. இந்த ஆட்டத்தின் நகல்களில் மலிவான வேறு சிப்பை வைத்துச் சமாளித்திருந்தார்கள். பல வருடம் கழித்துக் கணினியில் அசலின் இசையைக் கேட்டபோது, அது அவ்வளவு நன்றாக இருந்தும் எனக்கு அந்நியமாகவே பட்டது. என் காதில் இருந்தது நகலின் மெலிந்த, கரகரப்பான சத்தம்.

நாம் விளையாடியதே ஆசாரி செய்த பெட்டியில்தான். புதிதாக ஒன்றைச் செய்தால் அது போலி ஆகிவிடுமே என்று தயங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கும் யாரோ ஒரு ஆசாரி அளவெடுத்து, அறுத்து, மைக்கா ஒட்டித்தான் அதைச் செய்து கொடுத்தார்.

இரண்டாவதாக நான் செய்தது அதுதான். 18 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே ராஸ்பெர்ரி பை 3. கையகல கம்ப்யூட்டர். மைக்ரோ யுஎஸ்பி வழியாக 5 வோல்ட், 2.5 ஆம்பியர் கொடுத்தால் போதும். ரெட்ரோபை என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றினால் அந்தக் காலத்துக் கேப்காம் ஆட்டங்களையும் எஸ்என்கே நிறுவனத்தின் நியோ ஜியோ ஆட்டங்களையும் இந்தச் சின்னப் பலகை சிரமமில்லாமல் ஓட்டிவிடும். பழைய போர்டுகளின் நடத்தையை மென்பொருளில் அப்படியே எழுதிக் காட்டும் எமுலேட்டரான மேம் திட்டம் 1997இல் தொடங்கியது. அதில் முஸ்தபாவின் நகல் பதிப்புகளுக்கும் தனி இடம் இருக்கிறது. நம்ம ஊர்க் கரகரப்பும் வீணாகாமல் ஆவணமாகியிருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

திரைக்கு முதலில் ஒரு எல்ஈடி மானிட்டரை வைத்தேன். மனம் ஒப்பவில்லை. அப்புறம்தான் அரசு 2006லிருந்து வீடு வீடாகக் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி நினைவுக்கு வந்தது. 14 அங்குலம், பிக்சர் டியூப். தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் துணி மூடிக் கிடக்கிறது. பெரியம்மா வீட்டிலிருந்து ஒன்றை வாங்கி வந்தேன். பின்னால் ஏவி ஒயர் சொருகும் இடம் இருந்தது. ராஸ்பெர்ரி பை 3இன் ஹெட்போன் துளையிலேயே வீடியோவும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு நான்கு பகுதி உள்ள ஜாக் வேண்டும். முனையிலிருந்து மூன்றாவது பகுதி கிரவுண்ட், கடைசிப் பகுதி வீடியோ. கடையில் கொடுக்கும் கேபிள் பலவற்றில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். படம் வராமல் நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்காகத்தான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

திரை பழைய பெட்டியில் இருந்ததைவிடச் சின்னது. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் ஆர்ஜிபி ஒயர்களில் இருக்கும் அளவுக்குப் படம் பளிச்சென்று இருக்காது. ஆனால் அந்தக் கரைவும் வரிகளும் இருக்கின்றன. எல்ஈடியில்தான் ஆடுவேன் என்பவர்கள் டிவியின் அமைப்பில் கேம் மோடைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டனுக்கும் படத்துக்கும் நடுவே ஒரு இழுவை இருக்கும். நொடிக்கு ஏறக்குறைய 60 படம் ஓடும் ஆட்டத்தில் மூன்று நான்கு படம் பிந்தினாலே கை தடுமாறும்.

பட்டன் எத்தனை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். முஸ்தபாவுக்கு அடி, தாவல் என்று இரண்டு போதும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் சுழன்று அடிப்பான், கொஞ்சம் உயிரும் குறையும். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97க்கு நான்கு வேண்டும், 1991இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு ஆறு. நான் ஆறு போட்டேன். இப்போது யோசித்தால் மூன்று ஆட்களுக்கு நான்கு நான்காகப் போட்டிருக்க வேண்டும். முஸ்தபா மூன்று பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம். தோளோடு தோள் இடித்து நிற்க மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத பெட்டி பாதிப் பெட்டிதான். அடுத்த பெட்டியில் அதைச் சரிசெய்வேன்.

ஜாய்ஸ்டிக்கில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். உள்ளே நான்கு மைக்ரோ சுவிட்ச் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்று போனால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சுவிட்சை மட்டும் வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம். எனக்கு டிவி போக மொத்தம் 22,000 ரூபாய் ஆனது. பாதிக்கு மேல் பிளைவுட்டும் கூலியும்.

இதில் ஒரு குறை. ஆட்டம் நடுவில் கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. எனக்கு ஒருமுறை மொத்தமும் அழிந்தது. கார்டின் நகல் ஒன்றை எப்போதும் தனியே எடுத்து வையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, ஆயிரம் கேம் போர்டு. சீனாவிலிருந்து வருவது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கினேன். 1985லிருந்து நடப்பில் இருக்கும் 56 முனை ஜாமா இணைப்பு அதில் இருப்பதால் பழைய பெட்டியிலேயே பழைய போர்டைக் கழற்றிவிட்டு இதைச் சொருகலாம். சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் அணையும். மூன்றில் இதுதான் சுலபம், செலவும் குறைவு. ஆனால் எனக்கு ஒட்டவில்லை. பட்டியலில் ஒரே ஆட்டம் நான்கு பெயரில் வருகிறது. சிலவற்றில் சத்தம் பிந்துகிறது. எட்டு மாதத்தில் ஒருநாள் திரை கறுப்பாகி நின்றது. மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல தொட என்னப்பா இருக்குது” என்று கையில் கொடுத்துவிட்டார். தூக்கிப் போட்டு வேறு வாங்கத்தான் முடியும். ஆயிரம் ஆட்டம் கண்முன் இருந்தால் எதையும் முழுதாக ஆடுவதில்லை என்பதையும் என் பிள்ளைகளிடம் பார்த்தேன்.

உரிமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சீன போர்டில் இருப்பவை உரிமம் இல்லாத நகல்கள். ராஸ்பெர்ரி பையில் நாம் இறக்கிப் போடும் ரோம் ஃபைல்களும், அதாவது ஆட்டத்தின் நகல்களும், பெரும்பாலும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்க முடிந்ததை வாங்கிவிடுவது என் பழக்கம். 1996இன் மெட்டல் ஸ்லக் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஃபைனல் ஃபைட், கேப்டன் கமாண்டோ உட்பட ஏழு அடிதடி ஆட்டங்களைக் கேப்காம் 2018இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. முஸ்தபா அதில் இல்லை. ஒரு அமெரிக்கக் காமிக்ஸின் உரிமம் பெற்றுச் செய்த ஆட்டம் அது. நமக்கு மிகவும் பிடித்ததையே நேர்வழியில் வாங்க முடியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். விற்பனைக்கு வந்தால் முதல் நாளே வாங்குவேன்.

உள் இணைப்புகளை நாமே மாற்றி அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பை வைத்துப் பழைய போர்டின் மின்சுற்றையே திரும்ப உருவாக்கும் மிஸ்டர் என்றொரு வழியும் உண்டு. துல்லியத்தில் எமுலேட்டரைவிட மேல். விலைக்கும் அதைப் புரிந்துகொள்ளும் உழைப்புக்கும் துணிந்தவர்கள் போகலாம். கேசட் போடும் டிவி கேம் வைத்திருந்தவர்கள் தனிக் கூட்டம். வாத்து சுடும் துப்பாக்கி பிக்சர் டியூபில் மட்டும்தான் வேலை செய்யும் என்பதால், பரணில் இருக்கும் இலவச டிவியைப் பழைய சாமானுக்குப் போட்டுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் ஆசாரி பெட்டி, இலவச டிவி, ராஸ்பெர்ரி பை. பெட்டி ஆடினால் ஆசாரி, டியூப் மங்கினால் மெக்கானிக், கார்டு போனால் நாமே. மூவரும் நம்ம ஊரிலேயே இருக்கிறோம். பழைய பெட்டி கண்ணில் பட்டால், உங்கள் ஊரில் டியூபைத் தொடும் மெக்கானிக் ஒருவர் இருந்தால் மட்டும் ஆடுவதற்காக வாங்குங்கள். இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் போர்டை மட்டுமாவது வாங்கி வையுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போனால் செம்புக்காக உடைத்துவிடுவார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணனின் மகன் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். டியூப் வேலை அவருக்குத் தெரியாது. அண்ணன் நடமாடும்வரைதான் என் பழைய பெட்டிக்கும் ஆயுள் என்பது எனக்குத் தெரியும். அதனால் அதை வாரம் ஒருமுறை மட்டும், ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன்.

ஆசாரியிடம் போகும்போது ஜாய்ஸ்டிக் பலகை தரையிலிருந்து 36 அங்குலத்தில் வரட்டும் என்று சொல்லுங்கள். பெரியவர்கள் நின்று ஆட அதுதான் சரி. பிள்ளைகளுக்கு எட்டாது. எங்கள் ஆசாரி மிஞ்சிய பிளைவுட்டில் ஒரு மணைப்பலகை செய்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என் இளையவள் அதன்மேல் ஏறி நின்று, ஒரு கையில் நிப்பட்டோடு, ஹன்னாவைத்தான் தேர்ந்தெடுக்கிறாள்.