லாஸ் வேகஸில் ஒரே ஒரு சாயங்காலம்: 'ஓ'வா, 'கா'வா?

பதிவர் மாநாட்டுக்கென்று லாஸ் வேகஸ் போனால் பகல் முழுக்கப் பேச்சுதான். மேடையில் பேச்சு, வராந்தாவில் பேச்சு, காபிக் கோப்பையோடு நின்றபடி பேச்சு. மிஞ்சுவது ஒன்றிரண்டு சாயங்காலங்கள். அதில் எந்த ஷோவுக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், பேச்சே இல்லாத ஷோவுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

அதனால் பென் அண்ட் டெல்லர் என்ற இருவர் நடத்தும் மேஜிக்கை முதலிலேயே ஓரங்கட்டிவிடுகிறேன். ரியோ ஹோட்டலில் 2001 முதல் நடக்கிறது, அருமையான ஷோ. டெல்லர் மேடையில் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் அவருக்கும் சேர்த்துப் பென் பேசித் தள்ளுவார். போதாததற்கு, ரியோ இருப்பது பெரிய கேசினோ ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையை விட்டு விலகி, நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம். நடந்தே போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். 2023-ல் திறந்த ஸ்ஃபியர் என்ற கோள வடிவ அரங்கத்தைப் பலர் சொல்வார்கள். அங்கே இசைக்கச்சேரி இருக்கும் நாள் அமைந்தால் சரி. மற்ற நாட்களில் காட்டுவது படம்தான். எத்தனை பெரிய திரையாக இருந்தாலும் அதை நேரடி நிகழ்ச்சி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மீதிப் போட்டி சர்க் து சொலே என்ற சர்க்கஸ் குழுவின் இரண்டு ஷோக்களுக்குள்: பெலாஜியோ ஹோட்டலில் 1998 முதல் நடக்கும் 'ஓ', எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் நடக்கும் 'கா'. இரண்டுமே இடைவேளை இல்லாமல் சுமார் ஒன்றரை மணி நேரம். பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டு காட்சிகள், மாலை ஏழுக்கும் இரவு ஒன்பதரைக்கும்.

'ஓ'வின் மேடையே ஒரு குளம். சுமார் 57 லட்சம் லிட்டர் தண்ணீர். அடியில் இருக்கும் தளம் ஏறி இறங்கும். ஒருவர் கணுக்கால் நனைய நடந்து போவார். சற்று நேரத்தில் அதே இடத்தில் இன்னொருவர் உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்து மறைவார். தளம் எப்போது இறங்கியது என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முன்வரிசையில் தண்ணீர் தெறிக்கும், லேப்டாப் பையை அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.

'கா'வில் மேடை ஓரிடத்தில் நிற்காது. 50 அடிக்கு 25 அடி இருக்கும் பெரிய பலகை சுற்றும், சாயும், கடைசியில் சுவர்போல நெட்டுக்குத்தாக நிற்கும். கடற்கரைக் காட்சியில் அது சாயச் சாய மணல் முழுக்கச் சரிந்து இருட்டுக்குள் கொட்டும். பிறகு அந்தச் சுவர்மேலேயே சண்டை. நாற்காலியிலேயே ஸ்பீக்கர் இருப்பதால் சத்தம் காதோரம் கேட்கும். பலகை சாய்வதை முழுசாகப் பார்க்கப் பின்வரிசைதான் வசதி, விலையும் குறைவு.

கலை என்று பார்த்தால் என் ஓட்டு 'ஓ'வுக்குத்தான். 'கா'வில் பிரிந்துபோன இரட்டையர்களின் கதை ஒன்று ஓடுகிறது, நடுவில் கண் சொக்கினால் நூல் அறுந்துவிடும். 'ஓ'வில் அந்தக் கவலை இல்லை. இந்தியாவிலிருந்து வந்து இறங்கியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கோடையில் அங்கே இரவு ஒன்பதரை என்றால் இங்கே மறுநாள் காலை பத்து; உடம்பைப் பொறுத்தவரை அது ராத்திரி முழுக்கக் கண்விழித்த காலை. முதல் இரண்டு நாளில் ஒன்பதரைக் காட்சி வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் ஏழு மணிக் காட்சி. இங்கேதான் 'கா' முந்துகிறது. லாஸ் வேகஸ் கன்வென்ஷன் சென்டரில் மாநாடு என்றால் அங்கேயே மோனோரயில் நிலையம் இருக்கிறது, எம்ஜிஎம் கிராண்ட் அதன் தெற்குக் கடைசி நிறுத்தம். ஐந்தரைக்கு செஷன் முடிந்தாலும் பதறாமல் போய்ச் சேரலாம். பெலாஜியோவுக்கோ வழியில் இறங்கி, கேசினோ ஒன்றைக் கடந்து, ஸ்ட்ரிப்பைத் தாண்டி நடக்க வேண்டும். பக்கத்தில் தெரிகிற கட்டடம் நடக்க நடக்கத் தள்ளிப்போகிற ஊர் அது. ஆக, மாநாட்டு நாட்களுக்குள் என்றால் 'கா', கூடுதலாக ஒருநாள் தங்குகிறீர்கள் என்றால் 'ஓ'.

டிக்கெட்டும் அப்படித்தான். 'ஓ'வுக்குத் தள்ளுபடி எதிர்பார்க்காமல் முன்பே எடுத்துவிடுங்கள். 'கா'வுக்கு ஸ்ட்ரிப்பில் இருக்கும் தள்ளுபடி கவுன்ட்டர்களில் கேட்டுப் பார்க்கலாம். எதுவானாலும் முதலில் காட்டும் விலையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள், நெவாடாவின் 9 சதவீத கேளிக்கை வரியும் சேவைக் கட்டணமும் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஷோவுக்கும் வாரத்தில் விடுமுறை நாட்கள் உண்டு, ஆனால் ஒரே நாட்கள் இல்லை. மாநாட்டுத் தேதியோடு வைத்துப் பாருங்கள், பல சமயம் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.