ஊட்டிக்கு மிதித்து ஏற எந்தச் சாலை? கோத்தகிரியா, குன்னூரா?

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை பிரிகிறது. இடப்புறம் குன்னூர், வலப்புறம் கோத்தகிரி. காரில் வருகிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பின்கேரியரின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டு, அதன்மேல் கூடாரத்தையும் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருகிறவருக்கோ அன்றைய பகல் முழுவதும் எப்படிக் கழியப்போகிறது என்பதை அந்தப் பிரிவுதான் தீர்மானிக்கிறது. இரண்டிலும் ஏறியிருக்கிறேன். கோத்தகிரி வழியே ஏறி, குன்னூர் வழியே இறங்குவது என் கட்சி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் காலும் கியரும் வேறு தீர்ப்புச் சொன்னால் அதையும் மறுப்பதற்கில்லை.

தூரத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூரும் சரி, கோத்தகிரியும் சரி, முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஏறவேண்டிய உயரம் இரண்டிலும் 1,400 மீட்டருக்குக் குறையாது. குன்னூரிலிருந்து ஊட்டி இன்னும் 20 கிலோமீட்டருக்குள். கோத்தகிரியிலிருந்து 30-ஐ ஒட்டி வரும். ஆக, ஊட்டிதான் குறி, அதுவும் ஒரே நாளில் என்றால் குன்னூர்ச் சாலை பத்துக் கிலோமீட்டர் மிச்சப்படுத்துகிறது. கடைகள், பஸ் வசதி, பஞ்சர் ஆனால் கைகொடுக்க ஆள் என எல்லாவற்றிலும் அதற்கே முன்னிலை. வழியில் வரும் பர்லியாரில் மங்குஸ்தான் பழப் பருவம் என்றால் கேட்கவே வேண்டாம். கூடவே பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு மலை ரயிலும் ஏறுகிறது. பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் அந்தப் பாதையில் ரயிலின் வேகம் சைக்கிள்காரருக்கு ரொம்பவே ஆறுதல் தரும்.

இவ்வளவு இருந்தும் ஏற்றத்துக்கு அந்தச் சாலையை நான் சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான்: இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு.

என் சைக்கிளில் மிகச் சிறிய கியரில் மிதிகட்டையோடு சுழலும் பல்சக்கரத்துக்கு 30 பல், பின்சக்கரத்தின் பல்சக்கரத்துக்கு 34 பல். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரலாம். அதற்கும் கீழே வேகம் இறங்கினால் சுமையோடு சைக்கிளை நேராகப் பிடிப்பதே பெரும்பாடாகிவிடும். முன்சக்கரம் இப்படியும் அப்படியும் அலையத் தொடங்கும். நேரான ஏற்றத்தில் இந்த வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வளைவில்தான் வம்பு.

கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரம்தான் ஏறுகின்றன. ஆனால் உள்விளிம்பின் நீளம் குறைவு. வெளிவிளிம்பில் ஏற்றம் 7 சதவீதம், உள்விளிம்பின் நீளம் அதில் பாதி என்று வையுங்கள். உள்ளே ஏற்றம் 14 சதவீதமாகிவிடும். நம் நாட்டில் இடப்பக்கமாகப் போகிறோம். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் தானாகவே வெளிவட்டத்தில் இருப்போம், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவிலோ உள்விளிம்பு நம் தலையில் விழுகிறது. அதிலிருந்து தப்ப ஒரே வழி, வளைவு தொடங்கும் முன்பே நடுச்சாலைக்கு நகர்ந்து, அகலமாக வட்டமடித்து, முடிந்ததும் ஓரத்துக்குத் திரும்புவது. முன்னாலும் பின்னாலும் சாலை காலியாக இருந்தால்தான் இது நடக்கும்.

குன்னூர்ச் சாலையில் அந்தக் காலி இடம் அரிதாகத்தான் கிடைக்கிறது. அது தேசிய நெடுஞ்சாலை. கல்லாற்றைத் தாண்டியதிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். பஸ், காய்கறி லாரி, சுற்றுலா வேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனால் மேலிருந்து இறங்கும் பஸ்ஸுக்கு வளைவைத் திருப்ப முழு அகலமும் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் பின்னால் ஏறிவரும் பஸ்ஸின் நடத்துநர் படியில் நின்றபடி பக்கத் தகரத்தைத் தட்டுகிறார். திட்டவில்லை, நம்மைக் காப்பாற்றத்தான் தட்டுகிறார் என்பது தெரிகிறது. ஆனாலும் அந்தச் சத்தம் காதில் விழுந்த கணத்தில் கை தானாக ஓரத்துக்குத் திருப்பிவிடும். ஓரம் என்றால் 14 சதவீதம். இரண்டு மிதி, மூன்றாவதில் கால் தரையில். சுமையோடு அந்தச் சரிவில் மறுபடி ஏறி உட்கார்ந்து கிளம்ப முடியாது. வளைவு முடியும்வரை தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். இதுவே அடுத்த வளைவிலும். நான்கு மணி நேர ஏற்றத்தில் என்னைக் களைப்படைய வைத்தது தொடைவலியைவிட இந்த இறங்கி ஏறும் வேலைதான்.

கோத்தகிரிச் சாலையிலும் கொண்டை ஊசிகள் உண்டு. எண்ணிக்கை குறைவு, வண்டிகளும் குறைவு. பின்னால் ஒரு லாரி முனகுவது கேட்டால் அது வருவதற்குள் வளைவை முடித்துவிடலாம், அல்லது நின்று அதை அனுப்பிவிட்டு முழுச் சாலையையும் நமதாக்கிக்கொள்ளலாம். ஏற்றமும் பெரும்பாலும் ஒரே சீராக, நீண்ட வளைவுகளாகப் போகிறது. ஒரு கியரில் கால் பழகிவிட்டால் நெடுநேரம் அதை மாற்ற வேண்டியதில்லை. குஞ்சப்பனை வரை காட்டு வெக்கை. கிளம்பும்போதே மூன்று லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேலே காற்று மாறும், தேயிலை தொடங்கும், அரவேனு வந்தால் டீயும் வர்க்கியும் கிடைக்கும். கோத்தகிரியிலேயே இரவு தங்கிவிடுங்கள். கோவை கலெக்டராக இருந்த ஆங்கிலேயர் ஜான் சல்லிவன் 1819-இல் மலைக்கு வந்து இறங்கியது இந்தப் பக்கம்தான். கன்னேரிமுக்கில் அவருடைய பங்களா நினைவகமாக நிற்கிறது. மாலையில் போய்வர ஓர் இடமாயிற்று.

இந்தச் சாலையின் குறைகளையும் மறைக்கக்கூடாது. குஞ்சப்பனைப் பக்கம் பலாப் பழுக்கும் மாதங்களில் யானை நடமாட்டம் அதிகம்; விடியலுக்கு முன்பே கிளம்பும் சைக்கிள்காரர் வழக்கம் இங்கே உதவாது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள், எதிரே வரும் பஸ் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோடை விழாக் காலத்தில் போக்குவரத்தை ஒருவழியாக்கி, குன்னூர் வழியே ஏற்றி, கோத்தகிரி வழியே இறக்குவது வழக்கம். அந்த வாரங்களில் நான் மேலே எழுதியதெல்லாம் செல்லாது. வளைவுக்கு வளைவு எதிரே கார் வரிசை இறங்கிக்கொண்டிருக்கும். மே மாதத்தில் சைக்கிளை வீட்டிலேயே வைத்திருங்கள் என்பதே என் யோசனை. வடகிழக்குப் பருவமழைக்கும் இதே பதில்தான். 2009 நவம்பரில் இந்தக் கிழக்குச் சரிவு எப்படிச் சரிந்தது என்பது மலைக்காரர்களுக்கு மறக்காது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சரியான காலம். ஊட்டியில் உறைபனி விழும், கையுறை அவசியம்.

வேறு இரண்டு வழிகளைப் பற்றியும் கேட்பார்கள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியே தலைகுந்தாவுக்கு ஏறும் பாதையில் 36 கொண்டை ஊசிகள். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணத்தில் பெயர்பெற்ற ஏற்றம் அது. அவர்கள் மூட்டையில்லாமல் ஏறுகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். நானும் வெறும் சைக்கிளில் ஏறியதோடு சரி, சுமையுடன் முயன்றதில்லை. அங்கே உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்ற ஆராய்ச்சியெல்லாம் கிடையாது, எல்லாமே செங்குத்துதான். தவிர, அந்தப் பக்கம் வந்து சேர புலிகள் காப்பகத்தைக் கடக்க வேண்டும்.

காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழியே மஞ்சூருக்கு ஏறும் பாதையில் 43 வளைவுகள். குந்தா நீர்மின் திட்டத்தின் மின்நிலையங்களை ஒட்டிப் போகிற, நான்கிலும் அழகான சாலை. போக்குவரத்து மிகக் குறைவு என்பதால் என் அளவுகோலின்படி அதற்கே முதலிடம் தரவேண்டும். தரத் தயங்குகிறேன். அதில் நான் இறங்கியிருக்கிறேனே தவிர ஏறியதில்லை. யானைக்காடு அது, நெடுந்தூரம் ஒரு கடைகூடக் கிடையாது. தனி ஆளுக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. இரண்டு மூன்று பேராக, வனச் சோதனைச்சாவடியில் விசாரித்துக்கொண்டு போகிறவர்கள் முயலலாம்.

இரண்டாம் நாள் கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியே ஊட்டி. 30 கிலோமீட்டர்தானே என்று அலட்சியம் வேண்டாம்: சாலை தொட்டபெட்டா பிரிவு வரை ஏறி, அங்கிருந்துதான் ஊட்டிக்குள் இறங்குகிறது. அதாவது ஊட்டியைவிட உயரத்துக்குப் போய்த் திரும்புகிறோம். முதல் நாளின் களைப்பு இந்தக் கடைசி ஏற்றத்தில்தான் தெரியும்.

இறங்குவதற்கு மட்டும் குன்னூர்ச் சாலையை ஏன் சொல்கிறேன் என்றால், இறக்கத்தில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. மணிக்கு 25, 30 கிலோமீட்டரில் நாமும் பஸ்ஸும் ஏறக்குறைய ஒரே வேகம். சாலையின் நடுவிலேயே நம் இடத்தைப் பிடித்துக்கொண்டு வரலாம், முந்தவேண்டும் என்று யாருக்கும் அவசரமில்லை. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் விட்டுவிட்டு அழுத்துங்கள். ரிம்மில் பிடிக்கும் பழைய வகை பிரேக் என்றால் சில வளைவுகளுக்கு ஒருமுறை நின்று, ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். பர்லியாரில் நின்றால் அந்தப் பத்து நிமிடத்தில் பழம் வாங்கிக்கொள்ளலாம். பிரேக் கட்டையை மட்டும் ஊட்டியிலேயே பார்த்து மாற்றிவிடுங்கள். பாதிக்கு மேல் தேய்ந்ததை வைத்துக்கொண்டு இந்த மலையில் இறங்காதீர்கள்.