குவாண்டம் படிப்பு: ஒரு தவற்றைத் திருத்த எத்தனை நாள்?

முதுகலையா, முனைவர் பட்டமா? 2024 மே மாதம் சிங்கப்பூர் அறிவித்த தேசிய குவாண்டம் உத்தி, ஐந்தாண்டுகளில் இரண்டுக்கும் தலா 100 பேருக்கு உபகாரச் சம்பளம் என்கிறது. அதனால் பணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

கணக்கும் நிரலும் கைவந்தவருக்கு முதுகலை போதும். வங்கிகளுக்கு இன்று தேவை, குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதபடி 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட புதிய மறையாக்கத் தரங்களுக்குப் பழைய கட்டமைப்பை மாற்றத் தெரிந்தவர்கள். அந்த வேலைக்கு லேசரைத் தொட்டிருக்க வேண்டியதே இல்லை.

கருவி கட்டும் வேலை என்றால் கதை வேறு. கென்ட் ரிட்ஜில் 2007 முதல் இயங்கும் குவாண்டம் தொழில்நுட்ப மையம் போன்ற இடத்தில் நான்காண்டு முனைவர் படிப்புதான் கையைப் பழக்கும். ஆனால் எந்த ஆய்வுக்கூடம் என்பது பட்டத்தைவிட முக்கியம்.

ஒளித்துகள்களை வைத்துச் சோதனை செய்யும் ஒளி மேசையை எடுத்துக்கொள்ளுங்கள். 405 நானோமீட்டர் லேசர், ஓர் ஒளித்துகளை இரண்டாக்கும் பிபிஓ படிகங்கள் இரண்டு குறுக்காக ஒட்டியபடி, 810 நானோமீட்டரில் பிறக்கும் ஒளித்துகள் இணைகள், இரண்டு உணரிகள். இணைகள் குவாண்டம் முறையில் பிணைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது பெல் சோதனை. அதில் எஸ் என்ற அளவு 2-ஐத் தாண்ட வேண்டும், உச்சம் 2.83. தாண்டாவிட்டால் முதலில் அறை வெளிச்சத்தைப் பாருங்கள். இரு உணரிகளும் நொடிக்கு 50,000 எண்ணி, இரண்டும் ஒரே நேரத்தில் எண்ணியதாகக் கொள்ளும் இடைவெளி, அதாவது உடனிகழ்வுச் சாளரம், 5 நானோநொடி என்றால், தற்செயல் இணைகளே நொடிக்கு 12-க்கு மேல் வரும். கிடை, செங்குத்துத் திசைகளில் எண்ணிக்கை நன்றாக இருந்து 45 பாகையில் மட்டும் சரிந்தால், வெளிச்சத்தின் மேல் பழி போடாதீர்கள். இரு படிகங்களில் பிறக்கும் ஒளிக்கிடையே அலைக் கட்டம் விலகியிருக்கிறது. ஈடுசெய்யும் படிகத்தை மெல்லச் சாய்த்துச் சரிசெய்யலாம். காலையில் செய்த தவறு மதியத்துக்குள் பிடிபட்டுவிடும்.

மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுற்றுகளால் ஆன கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) பக்கம் அப்படியல்ல. நீர்மக்கலவைக் குளிரூட்டி 10 முதல் 20 மில்லிகெல்வினுக்கு, அதாவது தனிச்சுழியை ஒட்டிய குளிருக்கு, இறங்கவே ஓரிரண்டு நாள் பிடிக்கும். உள்ளே ஒரு கேபிள் முனை தளர்ந்திருந்தால் மறுபடி சூடேற்றி, திறந்து, இறுக்கி, மீண்டும் குளிர்விக்க வேண்டும், வாரமே போய்விடும். அவசரப்பட்டு முழுதாகச் சூடாகும் முன் திறந்தால், நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த செம்பின் மேல் முத்து முத்தாய்ப் படியும். மின்னேற்ற அணுக்களை வெற்றிடத்தில் பிடித்துவைக்கும் அயனிப் பொறியிலும் பொறுமை வேண்டும்: வெற்றிடக் கலத்தை 150 பாகை செல்சியசுக்கும் மேல் நாள்கணக்கில் சுட்டெடுக்காமல் 10⁻¹¹ மில்லிபார் கிட்டாது.

புதியவர் ஒளி மேசையில் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் கணிப்பு. பத்துத் தவறு செய்து திருத்தப் பத்து வாரம் ஆகும் இடத்தில் கை பழகாது. வேலைச் சந்தை மீக்கடத்தியைத் தேடுகிறதே என்றால், முதலாண்டு ஒளியில் பழகிவிட்டுப் பிறகு மாறுங்கள். கட்டுப்பாட்டு மின்னணுவும் அளவீட்டுப் பழக்கமும் கூடவே வரும்.

சேரும் முன் மூத்த மாணவரிடம் ஒரே ஒரு கேள்வி: கடந்த ஆண்டில் கருவியை எத்தனை முறை உங்கள் கையாலேயே கழற்றிப் பூட்டினீர்கள்?